பூச்செடிக்கும் உண்டு வைரஸ் ஸ்கேன்!

சொந்தக்காரர்களில் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும். பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஸ்கிரீன் தலைகீழாகத் தெரிகிறது என்று எல்லா போனும் அவருக்குத்தான் வரும். எனக்கும் அப்படித்தான். சில மாதங்களுக்கு முன் கோத்தகிரி பக்கம் பாலிஹவுஸ் போட்டுக் கார்னேஷன் பூ வளர்க்கும் என் மாமாவிடமிருந்து போன்.

"மாப்ளே, லேப்ல இருந்து மெயில்ல ஒரு எக்செல் பைல் வந்திருக்கு. ஒரே நம்பரா இருக்கு. நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, என்னன்னு பார்த்துச் சொல்லு."

"என்ன டெஸ்ட் மாமா?"

"வைரஸ் டெஸ்ட்தான். கம்ப்யூட்டருக்கு இல்ல, செடிக்கு."

பைலைத் திறப்பது பெரிய வேலை இல்லை. அதில் இருந்த நம்பர்கள் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்ளத்தான் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. படிக்கப் படிக்க, நாம் மாதாமாதம் பேசும் கம்ப்யூட்டர் வைரஸ் கதையே வேறு வேஷத்தில் வருவது போல இருந்தது. அதனால்தான் இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். கூடவே எக்செல்லில் இரண்டு மூன்று உபயோகமான ஃபார்முலாக்களையும் கற்றுக்கொண்டு விடலாம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மெயிலில் வரும் எக்செல் பைலைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும். 'எனேபிள் எடிட்டிங்' என்று கேட்டால், அனுப்பியவர் தெரிந்தவரா, நீங்கள் எதிர்பார்த்த பைல்தானா என்று பார்த்துவிட்டுக் கிளிக் செய்யலாம். 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் உள்ளே மேக்ரோ என்னும் சிறு புரோகிராம் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் நம்பர்கள் கொண்ட ரிப்போர்ட்டுக்கு மேக்ரோ எதற்கு? சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள். செடியின் வைரஸைப் பார்க்கப்போய் கம்ப்யூட்டருக்கு வைரஸை வாங்கிக்கொள்ளக் கூடாது.

'கிளீன்' பட்டன் இல்லாத வைரஸ்

கம்ப்யூட்டர் உலகத்துக்கு 'வைரஸ்' என்ற சொல்லை 1984ல் தன் ஆய்வுக் கட்டுரை மூலம் நிலைநிறுத்தியவர் பிரெட் கோஹன் என்ற அமெரிக்கர். அந்தச் சொல் உயிரியலிலிருந்து கடன் வாங்கியது. உயிரியலிலும் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் மனிதனுடையது அல்ல, புகையிலைச் செடியினுடையது. 1898ல் ஹாலந்து நாட்டின் பெய்ஜரிங்க், புகையிலை இலையில் தேமல் உண்டாக்குவது பாக்டீரியாவைவிட நுண்ணிய வேறு ஒன்று என்று சொல்லி அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்தார். ஆக, இந்த விஷயத்தில் செடிதான் சீனியர்.

உங்கள் ஆன்டிவைரஸ் ஒரு பைலில் வைரஸைப் பிடித்தால் மூன்று வழிகள் காட்டும்: கிளீன், குவாரன்டைன், டெலிட். செடிக்கு முதல் பட்டன் கிடையாது. வைரஸ் புகுந்த செடியைத் தோட்டத்தில் வைத்துக் குணப்படுத்த எந்த மருந்தும் இல்லை. பூஞ்சைக்கு மருந்து உண்டு, பூச்சிக்கு மருந்து உண்டு, வைரஸுக்கு இல்லை. தனியே ஒதுக்கலாம், அல்லது பிடுங்கி எரிக்கலாம். அவ்வளவுதான்.

ஃபார்மட் செய்து புதிதாக இன்ஸ்டால் செய்வது போல ஒரு வழி லேபில் இருக்கிறது. 1952ல் பிரான்ஸில் மோரெல், மார்ட்டின் என்ற இருவர், வைரஸ் பிடித்த டேலியா செடியின் வளரும் நுனியிலிருந்து ஊசிமுனை அளவு திசுவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தார்கள். வைரஸ் இல்லாத செடி வந்தது. வளர்நுனியின் உச்சியை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதுதான் ரகசியம். இன்று உலகம் முழுவதும் கார்னேஷன், லில்லி, ஜெர்பெரா நாற்று விற்கும் கம்பெனிகளின் சுத்தமான தாய்ச்செடிகள் இந்த அடிப்படையில்தான் உருவாகின்றன. ஆனால் இதிலும் ஒவ்வொரு முறையும் வைரஸ் போய்விடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வந்த செடியை மறுபடி டெஸ்ட் செய்துதான் சொல்ல முடியும். எப்படிச் சுற்றினாலும் டெஸ்ட்டில்தான் வந்து நிற்கிறது.

மாமாவின் பிரச்னையும் அதுதான். நாற்று வெளியிலிருந்து வாங்கினால் செலவு அதிகம். அவரிடம் இருப்பது பழைய ரகம், ராயல்டி தொல்லை இல்லை. தன் பாத்தியிலேயே நன்றாகப் பூக்கும் ஒரு வரிசையிலிருந்து கட்டிங் எடுத்து அடுத்த குடிலை நிரப்பலாமா என்று யோசித்தார். ஒரு தாய்ச்செடியில் 20 கட்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20ம் வளர்ந்து தலைக்கு 20 கட்டிங் கொடுத்தால் 400. தாய்க்கு வைரஸ் இருந்தால் அந்த 400லும் இருக்கும். ஒரு பென் டிரைவ் ஆபீஸ் முழுக்கச் சுற்றி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் தெரியாதா?

மாமா முதலில் எனக்கு அனுப்பியது வாட்ஸ்அப்பில் இலைகளின் போட்டோ. நானும் பெரிதாக்கிப் பார்த்தேன், பச்சைப் பசேலென்று இருந்தது. (போட்டோவை அப்படியே அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய படத்தை 'டாகுமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.)

சில வைரஸ்கள் கண்ணுக்குத் தெரியும். அதில் மிகப் பிரபலமானது டியூலிப் பூவை உடைக்கும் வைரஸ். 1630களில் ஹாலந்தில் டியூலிப் பைத்தியம் பிடித்த காலத்தில், வெள்ளைப் பூவில் சிவப்புத் தீ நாக்குகள் ஓடியது போன்ற 'செம்பர் அகஸ்டஸ்' ரகத்துக்குத்தான் எல்லாவற்றிலும் அதிக மவுசு. 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை சரிந்தது. அந்த அழகுக் கோடுகள் ஒரு நோயின் அடையாளம் என்பதும், நோய்ப்பட்ட கிழங்கின் திசுவை நல்ல கிழங்கில் ஒட்டினால் அதுவும் கோடு போடும் என்பதும் சுமார் 300 வருடம் கழித்து, 1928ல் இங்கிலாந்தின் டாரதி கெய்லி சோதனை செய்து காட்டிய பிறகுதான் தெளிவாயிற்று. அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டு போகிறது. இப்போது கடையில் கிடைக்கும் கோடு போட்ட டியூலிப்கள் ரகத்தாலேயே அப்படிப் பூப்பவை, அவற்றுக்கு வைரஸ் இல்லை.

ஹாலந்தில் இன்றும் இந்த வைரஸைத் தேடுவது ஒரு தொழில். டச்சு மொழியில் 'ஸீக்ஸூக்கர்' என்பார்கள், 'நோய் தேடுபவர்' என்று பொருள். வசந்த காலத்தில் வயலில் ஒவ்வொரு வரிசையாக நடந்து, இலையிலும் பூவிலும் சின்ன மாற்றம் தெரிந்தால் கிழங்கோடு எடுத்துவிடுவார்கள். இந்தக் கண் பழக வருடங்கள் ஆகும். பழகியவர்களுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. இங்கேதான் கம்ப்யூட்டர் நுழைகிறது. ஹெச்2எல் ரோபாட்டிக்ஸ் என்ற டச்சு கம்பெனியின் ரோபோ, மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் வரிசைமேல் ஊர்ந்து ஒவ்வொரு செடியையும் கேமராவில் படம் எடுக்கிறது. இலையில் சிவப்புக் கோடு தெரிகிறதா என்று உள்ளே இருக்கும் புரோகிராம் பார்த்து, நோய்ப்பட்ட செடியை அங்கேயே தீர்த்துக்கட்டுகிறது. 2024ல் இதன் விலை 1,85,000 யூரோ என்றும், 45 ரோபோக்கள் வயல்களில் ஓடுகின்றன என்றும் செய்தி வந்தது. அந்தப் புரோகிராமுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் மனிதக் கண்கள்தான். எது நோய், எது நோயில்லை என்று வல்லுநர்கள் குறித்துக் கொடுத்த படங்களிலிருந்துதான் அது கற்றுக்கொண்டது.

நானும் உற்சாகமாகிவிட்டேன். மாமாவின் செல்போனிலேயே இதைச் செய்துவிடலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. முடியாது. கேமரா பார்ப்பது அறிகுறியை. கார்னேஷனில் உலகெங்கும் பரவலாக உள்ளது 'கார்னேஷன் மாட்டில் வைரஸ்'. அது பல ரகங்களில் லேசான தேமல் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. செடி கொஞ்சம் சோர்ந்திருக்கும், பூ கொஞ்சம் குறையும், நாம் உரத்தைக் குறை சொல்லுவோம். லில்லியில் ஒரு வைரஸுக்குப் பெயரே 'லில்லி சிம்ப்டம்லெஸ் வைரஸ்', அதாவது அறிகுறியற்ற வைரஸ். அது தனியாக இருக்கும்வரை சாதுவாக இருந்து, இன்னொரு வைரஸ் சேர்ந்ததும் செடியைப் படுத்தும். இப்படிப்பட்டவை பூங்கொத்தில் கட்டப்பட்டுக் கல்யாண மேடைக்கும் போய்விடும், யாருக்கும் தெரியாது.

கார்னேஷன் வைரஸ் பரவும் விதமும் கேளுங்கள். இதற்குப் பூச்சி தேவையில்லை. பூ வெட்டும் கத்தரிக்கோலில் ஒட்டும் சாறு போதும். பெரிய பூ ஒன்று மட்டும் வரவேண்டும் என்பதற்காகப் பக்க மொட்டுகளைக் கையால் கிள்ளுவார்கள், அந்த விரலும் போதும்.

பார்க்க மைக்ராஸ்கோப் எடுக்கலாம் என்றால், இந்த வைரஸ் துகளின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 33,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

எலைசா: மஞ்சள் நிறத்துக்கு ஒரு நம்பர்

மாமாவின் எக்செல் பைலில் இருந்தது எலைசா டெஸ்ட் முடிவு. ரத்தப் பரிசோதனையில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1971ல் மனித மருத்துவத்துக்காக வந்தது, 1977ல் கிளார்க், ஆடம்ஸ் என்ற இருவர் செடி வைரஸ்களுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார்கள். இன்றுவரை பூச்செடிகளுக்கு அதிகம் பயன்படுவது இதுதான், காரணம் மலிவு.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 சின்னக் குழிகள். நம் எக்செல் ஷீட் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும், அந்த ஒரு வைரஸை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி பூசப்பட்டிருக்கும். ஆன்டிவைரஸ் புரோகிராமில் ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு சிக்னேச்சர் இருக்கிறதே, அது போல. இலையை அரைத்த சாற்றை ஊற்றுவார்கள். வைரஸ் இருந்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, என்சைம் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அது வைரஸின் மேல் ஒட்டும். மறுபடி கழுவி, நிறமற்ற ஒரு திரவத்தை ஊற்றினால் என்சைம் உள்ள குழி மட்டும் மஞ்சளாகும். வைரஸ் அதிகம் என்றால் மஞ்சளும் அதிகம்.

மஞ்சளைக் கண்ணால் பார்த்து 'கொஞ்சம்', 'நிறைய' என்று சொன்னால் சண்டை வரும். அதனால் ஒரு ரீடர் கருவி ஒவ்வொரு குழியிலும் வெளிச்சம் பாய்ச்சி எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கிறது. நம்பர் 0 என்றால் வெளிச்சம் முழுவதும் போகிறது. 1 என்றால் பத்தில் ஒரு பங்குதான் போகிறது, 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. மாமாவுக்கு வந்த 'ஒரே நம்பர்' இவைதான்.

கோட்டை எங்கே போடுவது?

மாமா அனுப்பியது 12 செடிகளின் இலை. 11 செடிகளுக்கு 0.09லிருந்து 0.13 வரை வந்திருந்தது. ஒன்றுக்கு மட்டும் 0.19. நன்றாகத் தெரிந்த நோய்ச்செடியின் குழி 1.4 காட்டியது. அதோடு ஒப்பிட்டால் 0.19 சின்ன நம்பர். ஆனால் மற்றவற்றைவிட அதிகம். லேப் ரிப்போர்ட்டில் அதன் எதிரில் 'சந்தேகம்' என்று போட்டிருந்தார்கள். "இருக்கா இல்லையான்னு கேட்டா சந்தேகம்னு சொன்னா எப்படி மாப்ளே?" என்றார் மாமா.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பாருங்கள். தட்டில் ஆரோக்கியமான செடியின் சாறு ஊற்றிய 5 குழிகள் இருந்தன: 0.10, 0.12, 0.11, 0.13, 0.09. எக்செல்லில் பி என்ற பத்தியில் 2வது செல்லிலிருந்து 6வது செல் வரை இவற்றை அடியுங்கள். வேறொரு செல்லில் சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் ஆவரேஜ் என்று அடித்து, அடைப்புக்குறி திறந்து, மவுஸால் அந்த 5 செல்களையும் செலக்ட் செய்து, அடைப்புக்குறி மூடி என்டர் தட்டுங்கள். சராசரி 0.11 என்று வரும். அடுத்த செல்லில் இதே போல எஸ்டிடெவ் என்ற ஃபார்முலா. அது பிளஸ் டூ கணக்கில் படித்த திட்ட விலக்கம். ஏறக்குறைய 0.016 வரும். நம்பர்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடுகின்றன என்பதை அது சொல்கிறது.

இப்போது கோடு. சில லேப்கள் சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டிக் கோடு போடுவார்கள். நம் கணக்கில் அது 0.157. அதற்கு மேல் போனால் பாசிட்டிவ். வேறு சில லேப்கள் சராசரியை இரண்டால் பெருக்குவார்கள், அது 0.22. மாமாவின் 0.19 முதல் கோட்டுக்கு மேலே, இரண்டாவது கோட்டுக்குக் கீழே! ஒரே செடி, ஒரே நம்பர், ஒரு லேபில் நோயாளி, இன்னொரு லேபில் ஆரோக்கியம். லேப்காரர் 'சந்தேகம்' என்று எழுதியது நேர்மையான பதில் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கோட்டைத் தாழ்த்தினால் நல்ல செடிகளும் மாட்டும். உயர்த்தினால் நோய்ச்செடி தப்பும். ஆன்டிவைரஸிலும் இந்தத் தலைவலி உண்டு. 2010 ஏப்ரலில் ஒரு பிரபல ஆன்டிவைரஸின் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் பைலையே வைரஸ் என்று பிடித்து, உலகெங்கும் ஏராளமான கம்ப்யூட்டர்களை முடக்கிப்போட்டது. என்னைக் கேட்டால், கோடு எங்கே என்பது செடியின் வேலையைப் பொறுத்தது. பூ வெட்டி விற்பதற்கு மட்டும் வைத்திருக்கும் செடி என்றால் 0.19ஐ விட்டுவிடலாம். 400 செடிகளுக்குத் தாயாகப் போகிற செடி என்றால் 0.19 வேண்டவே வேண்டாம்.

ஒரு சின்ன வித்தையும் சொல்லிவிடுகிறேன். 96 நம்பர்களையும் தட்டில் உள்ளபடியே 8 வரிசை, 12 பத்தியாக வைத்து, அனைத்தையும் செலக்ட் செய்யுங்கள். 'ஹோம்' டேபில் 'கண்டிஷனல் ஃபார்மட்டிங்', அதில் 'கலர் ஸ்கேல்ஸ்' கிளிக் செய்யுங்கள். ஷீட் முழுவதும் நிறம் பூசிக்கொள்ளும். தட்டின் ஓரக் குழிகள் மட்டும் சேர்ந்தாற்போல அடர்த்தியாக இருந்தால் அது வைரஸ் ஆகாது. ஓரம் சீக்கிரம் சூடாகி, காய்ந்து வரும் கோளாறு. நான் இதைச் செய்து பார்த்தேன். மாமாவின் சந்தேகக் குழி தட்டின் நடுவில் இருந்தது. அந்தச் சாக்கும் போயிற்று.

12 செடி போதுமா?

இதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கணக்குப் போட்டேன். போட்டபின் மாமாவிடம் சொல்லத் தயங்கினேன். 12 செடிகளுமே சுத்தம் என்று வந்திருந்தால் குடில் முழுவதும் சுத்தம் என்று நம்பலாமா?

குடிலில் 100க்கு 2 செடியில் வைரஸ் இருப்பதாக வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு செடியை எடுத்தால் அது நல்ல செடியாக இருக்கும் வாய்ப்பு 0.98. 12 முறையும் நல்லதே சிக்க, 0.98ஐ 12 தடவை பெருக்க வேண்டும். எக்செல்லில் சமக்குறி போட்டு 0.98 அடித்து, மேல்நோக்கிய கூம்புக்குறி போட்டு, 12 அடித்து என்டர் தட்டுங்கள். கூம்புக்குறி கீபோர்டில் 6 என்ற கீயின் மேல் இருக்கிறது, ஷிப்டோடு அழுத்த வேண்டும். விடை 0.78. அதாவது, வைரஸ் இருந்தும் 'எல்லாம் சுத்தம்' என்று ரிப்போர்ட் வர 78 சதவீத வாய்ப்பு!

12க்குப் பதில் 150 என்று மாற்றிப் பாருங்கள். 0.05க்கும் கீழே வரும். 150 செடி பார்த்தால்தான் தவறவிடும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் அடங்குகிறது. 150 டெஸ்ட்டுக்குப் பணம்? அதற்கு 5 செடி இலையைச் சேர்த்து அரைத்து ஒரே குழியில் ஊற்றுவார்கள், 30 குழியில் முடிந்துவிடும். ஆனால் ஒரு நோய்ச்செடியின் சாறு நான்கு நல்ல செடிகளின் சாற்றில் கலந்து நீர்த்துப்போகும், 0.19 போன்ற பலவீனமான நம்பர் அதில் காணாமல் போகும். ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாமா செய்த இன்னொரு காரியம்: 12 இலைகளையும் பாதை ஓரத்தில், கைக்கு எட்டிய செடிகளிலிருந்தே பறித்திருந்தார். எக்செல்லில் 'ரேண்ட்பிட்வீன்' என்ற ஃபார்முலா இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 1, 3000 என்று கொடுத்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும். செடிகளுக்கு வரிசை எண் போட்டு, கம்ப்யூட்டர் சொல்கிற செடியின் இலையைப் பறித்தால் கை பாரபட்சம் பார்க்காது.

107 கோடி நகல்

சந்தேகச் செடிக்கு அடுத்த கட்டம் ஆர்டி-பிசிஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே டெஸ்ட். எலைசா வைரஸின் மேலுறையைப் பிடிக்கிறது, இது உள்ளே இருக்கும் மரபுச் செய்தியைப் பிடிக்கிறது. அதன் ஒரு துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காக்கும். 2, 4, 8, 16 என்று போகும் வரிசை நமக்குப் புதிதில்லை, மெமரி கார்டு அளவுகளும் இப்படித்தான் போகின்றன. எல்லாம் சரியாக நடந்தால் 30 சுற்றில் ஒரு துண்டு 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். அதனால் எலைசா கோட்டைவிடும் சொற்ப வைரஸையும் இது காட்டிக்கொடுக்கும். விலையும் அதற்கேற்றபடி கூடுதல்.

சாமந்தியில் எலைசா அடியோடு தோற்கும் ஒரு இடம் உண்டு. செடியைக் குட்டையாக்கும் ஒரு 'வைராய்டு' இருக்கிறது. அதற்கு மேலுறையே கிடையாது, வெறும் மரபுச் செய்தி மட்டும். ஆன்டிபாடி எதைப் பிடிக்கும்? இங்கே பிசிஆர் போன்ற டெஸ்ட்கள்தான் வழி. அந்தச் செய்தியின் நீளம் சுமார் 356 எழுத்துதான். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து என்றால் மூன்று எஸ்எம்எஸ்கூட முழுதாகத் தேவையில்லை. அதற்குள் ஒரு செடியைக் குட்டையாக்கும் புரோகிராம்! கார்னேஷன் வைரஸ் சுமார் 4000 எழுத்து, 25 எஸ்எம்எஸ். நோட்பேடில் சேமித்தால் 4 கேபி. நான் எழுதும் மெயிலே அதைவிடப் பெரிது.

வைரஸின் 'சோர்ஸ் கோடை' நீங்களே பார்க்கலாம்

இது இலவசம். இன்டர்நெட் இருந்தால் போதும். அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. என்ற நிறுவனம், உலகெங்கும் ஆய்வாளர்கள் படித்தெடுத்த மரபுச் செய்திகளை ஒரே தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. தேடுபொறியில் என்.சி.பி.ஐ. நியூக்ளியோடைட் என்று ஆங்கிலத்தில் அடித்து அந்தத் தளத்துக்குப் போங்கள். தேடும் பெட்டியில் கார்னேஷன் மாட்டில் வைரஸ் என்று கொடுங்கள். வரும் பட்டியலில் 'கம்ப்ளீட் ஜீனோம்' என்று முடியும் ஒன்றைத் திறந்து, 'ஃபாஸ்டா' என்ற லிங்க்கைக் கிளிக் செய்யுங்கள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் திரை முழுக்க ஓடும். அதுதான் வைரஸ். பயப்பட வேண்டாம், இது எழுத்து மட்டும்தான், உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

அதில் ஏழெட்டு வரிகளை காப்பி செய்து நோட்பேடில் போட்டு, நடுவில் சில எழுத்துகளை மாற்றுங்கள். பிறகு அதே நிறுவனத்தின் 'பிளாஸ்ட்' பக்கத்தைத் திறந்து 'நியூக்ளியோடைட் பிளாஸ்ட்' தேர்ந்தெடுத்து, பெரிய பெட்டியில் பேஸ்ட் செய்து, அடியில் உள்ள பிளாஸ்ட் பட்டனைத் தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் விடை வரும். பெயரை நீங்கள் சொல்லாமலேயே அது கார்னேஷன் வைரஸ் என்று கண்டுபிடித்து, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்றும் காட்டும். லேபில் ஆய்வாளர்கள் செய்வதும் இதையேதான். பிளாஸ்ட் 1990லிருந்து இருக்கிறது.

எலைசாவும் பிசிஆரும் எந்த வைரஸ் என்று முன்பே தெரிந்தால்தான் தேடும். சிக்னேச்சர் இல்லாத புது வைரஸைப் பழைய ஆன்டிவைரஸ் விட்டுவிடுவது போல இவையும் விட்டுவிடும். அமெரிக்கத் தோட்டத்து ரோஜாக்களை வாட்டும் 'ரோஸ் ரோசெட்' நோய் 1940களிலிருந்தே தெரிந்தது, அதற்குக் காரணமான வைரஸை அடையாளம் கண்டது 2011ல்தான். இன்று செடிக்குள் இருக்கும் மரபுச் செய்தி மொத்தத்தையும் படித்து, எதெல்லாம் வைரஸ் மாதிரி இருக்கிறது என்று கம்ப்யூட்டரைப் பொறுக்கவைக்கும் முறை வந்திருக்கிறது. அதற்கான கருவிகளில் ஒன்றான மினயானை லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டிலேயே செருகலாம். கைக்குள் அடங்கும். ஆனால் அதில் அடிக்கடி மாற்ற வேண்டிய பாகத்தின் விலையைப் பார்த்தால் மாமா குடிலையே விற்க வேண்டியிருக்கும்.

மாமாவின் சந்தேகச் செடிக்குப் பிசிஆர் முடிவு பத்து நாளில் வந்தது. பாசிட்டிவ். எலைசாவில் 0.11 காட்டிய பக்கத்துச் செடியையும் என் பேச்சைக் கேட்டுச் சேர்த்து அனுப்பியிருந்தார். அதுவும் பாசிட்டிவ்.

அந்த வரிசையிலிருந்து கட்டிங் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டார். அடுத்த குடிலுக்கு, வைரஸ் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்கும் நர்சரியிலிருந்து நாற்று வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார். பழைய வரிசை இன்னும் பூக்கிறது, விற்கிறார். அதற்கு மட்டும் தனிக் கத்தரிக்கோல். கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. எல்லா வரிசையும் வெட்டி முடித்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

போன வாரம் மறுபடி போன். 3000 செடிக்கும் எண் போட்டாயிற்றாம், ரேண்ட்பிட்வீன் ஃபார்முலாவை அடித்தால் ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் நம்பர் மாறிக்கொண்டே இருக்கிறதாம். வந்த நம்பர்களை செலக்ட் செய்து காப்பி செய்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் 'வேல்யூஸ்' கொடுத்தால் நின்றுவிடும் என்று சொன்னேன். உங்களுக்கும் அதே பதில்தான்.